வலிவா, வலியா? நெஞ்சு வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியை எல்லை தாண்டி இந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த மலையாளிப் பெண் ஓபியில் உட்கார்ந்து, "சும உண்டோ அம்மே?" என்று கேட்டாள். பாட்டி நிதானமாக, "இப்பெல்லாம் சுமை தூக்கறதில்லீங்க கண்ணு, எல்லாம் மருமகதான்" என்றார். அடுத்து, "வலிவு உண்டோ?" "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க." சீட்டில் இருமல் இல்லை, இரைப்பு இல்லை என்று ஏறிவிட்டது. பாட்டி வந்ததே அந்த இரண்டுக்கும்தான். மலையாளத்தில் சும என்றால் இருமல், வலிவு என்றால் இரைப்பு. நம் காதில் ஒன்று சுமை என்று விழும், இன்னொன்று வலி என்று விழும். பேரன் இருமல் மருந்து பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் சீட்டு திருத்தப்பட்டது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சீட்டில் இங்கிலீஷ் என்றுதான் எல்லோருக்கும் வாழ்க்கை. பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். பாராமெடிக்கல் படிக்கப் போனபோது முதல் மாதம் முழுக்க எனக்கு எதுவும் ஏறவில்லை, மனப்பாடம் பண்ணி மனப்பாடம் பண்ணி மறுநாள் காலையில் எல்லாம் காலி. இப்போது வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வார்டுக்கு வருகிறார்கள், நர்சிங், லேப், மெடிக்கல் கோடிங் என்று, எல்லோருக்கும் அதே கதை. அவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மூச்சு மண்டலத்தின் பெயர்களைப் பட்டியலாகப் படிக்காதீர்கள். ஒரு மூச்சு உள்ளே போகிற வழியிலேயே கூடப் போங்கள், கையை உங்கள் உடம்பிலேயே வைத்துப் பாருங்கள், வார்த்தையை உடைத்துப் பாருங்கள். பதினைந்து நாள் போதும்.

முதலில் நோயாளியின் வார்த்தை

இதை யாரும் பாடத்தில் சொல்லித்தருவதில்லை, ஆனால் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நம் ஆட்கள் "மூச்சு வாங்குதுங்க" என்றால் பெரும்பாலும் நடந்தால், படி ஏறினால் வருவது. "மூச்சு முட்டுது" என்றால் காற்றே போதவில்லை என்கிற தவிப்பு. "இரைக்குது" என்பதில் ஒரு குழப்பம் உண்டு: ஓடி வந்து இரைப்பதும் அதுதான், நெஞ்சில் கொய்ங் என்று விசில் அடிப்பதும் அதுதான். அதனால் "சத்தம் வருதுங்களா?" என்று ஒரு கேள்வி கூடவே கேளுங்கள். "வீசிங்" என்பது இப்போது தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது, தோட்டத்து வேலைக்குப் போகிற அக்காகூட "புள்ளைக்கு வீசிங்" என்றுதான் சொல்கிறார். கக்குவான் என்றால் விடாமல் அடுக்கடுக்காக இருமி, கடைசியில் ஊளையிடுவது போல மூச்சை இழுப்பது.

மலையாளத்தில் ஏக்கம் என்றாலும் இரைப்பு நோய்தான், நம் ஏக்கம் அல்ல. கபக்கெட்டு என்றால் சளி கட்டியிருப்பது. க்ஷயம் என்றால் காசநோய், நம் பழைய சயரோகம்தான். ஸ்வாசம் முட்டல் சொல்லாமலே புரியும்.

இரண்டு பெயர்களில் கவனம் வேண்டும். ஒன்று "ஈஸ்னோபீலியா". நம் ஊரில் காலையில் தும்மி இருமுகிற எல்லோருக்கும் இந்தப் பெயர்தான். உண்மையில் அது ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு கூடியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இயோசின் என்ற சாயத்தை அந்த அணு விரும்பி ஏற்றுக்கொள்ளும், 'பிலியா' என்றால் விருப்பம். அலர்ஜியிலும் கூடும், பூச்சியிலும் கூடும். இன்னொன்று "பிரைமரி காம்ப்ளக்ஸ்". குழந்தைக்கு முதல்முறை காசநோய்க் கிருமி தொற்றும்போது நுரையீரலில் வரும் சிறு புண்ணும் பக்கத்து நெறிகட்டியும் சேர்ந்தது அது. ஆனால் வீட்டில் டிபி என்ற சொல்லை உச்சரிக்கக் கூச்சப்பட்டு இந்தப் பெயரை வைத்து மூடிவிடுகிறார்கள், ஆறு மாத மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. சீட்டில் டாக்டரும் கூச்சப்படுவார், "பல்மனரி கோக்ஸ்" என்று எழுதுவார். 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்த ராபர்ட் கோக்கின் பெயர்தான் அது. கோக்ஸ் என்று பார்த்தால் டிபி என்று படியுங்கள்.

மூச்சோடு கூடப் போவது

பாலக்காட்டுக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் காற்று எப்படி ஒரு வழியில் சேர்ந்து புகுந்து போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலை இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் ஓர் இடைவெளி, ஆடி மாசத்தில் ஆளைத் தள்ளும். நம் உடம்பிலும் காற்று முதலில் அப்படி ஒரு சந்துக்குள் நுழைகிறது.

மூக்கு. கிரேக்கத்தில் ரைனோ, லத்தீனில் நேசோ. காண்டாமிருகத்தின் இங்கிலீஷ் பெயரில் இருக்கிற ரைனோ இதே ரைனோதான், மூக்குக் கொம்பன். ரைனைடிஸ் என்றால் மூக்குச் சளிச்சவ்வு அழற்சி, அதாவது ஜலதோஷம். உள்ளே பக்கத்துக்கு மூன்று மடிப்புகள், டர்பினேட் என்பார்கள், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தூசியைப் பிடிப்பது இவற்றின் வேலை. சுற்றி எலும்புக்குள் நாலு ஜோடி சைனஸ். இதை வேகமாகத் தாண்டிவிடலாம்.

தொண்டை, ஃபாரிங்ஸ். மூக்குக்குப் பின்னால் ஒன்று, வாய்க்குப் பின்னால் ஒன்று, குரல்வளைக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று மாடி. சோறும் காற்றும் ஒரே வழியில் போகிற இடம் இது, அதனால்தான் சிக்கல். கீழே எபிகிளாட்டிஸ், குரல்வளை மூடி, விழுங்கும்போது குரல்வளை மேலேறி இந்த மூடிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பேசிக்கொண்டே சாப்பிட்டால் ஒரு பருக்கை தப்பி நுழையப் பார்க்கும், உடனே புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி தலையில் தட்டுவார். நினைப்பதில் தவறில்லை, ஆனால் தலையில் தட்டுவதால் எதுவும் ஆகாது, இருமல்தான் காப்பாற்றுகிறது. பக்கவாதம் வந்தவருக்கு இந்த அனிச்சை மங்கிவிடும், புரையேறாமலே கஞ்சி நுரையீரலுக்குள் போகும். அதற்குப் பெயர் ஆஸ்பிரேஷன், அதனால் வருவது ஆஸ்பிரேஷன் நிமோனியா. நெஞ்சு வார்டில் வாரத்துக்கு ஒன்றாவது பார்ப்பீர்கள்.

இப்போது கையைக் கழுத்தில் வையுங்கள். நடுவில் துருத்திக்கொண்டிருப்பது தைராய்டு குருத்தெலும்பு. சண்டையில் "சங்கைக் கடிச்சிருவேன்" என்பார்களே, அந்தச் சங்கு. தைராய்டு என்றால் கேடய வடிவம் என்று பொருள், சுரப்பிக்குப் பெயர் வந்ததும் இதை ஒட்டித்தான். எச்சில் விழுங்குங்கள், அது மேலே ஏறி இறங்கும். அதற்குச் சற்றுக் கீழே விரல் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கும், மெல்லிய சவ்வு அது, மேல்வழி முழுசாக அடைத்து வேறு கதியே இல்லாதபோது டாக்டர்கள் அவசரமாகத் துளைக்கிற இடம். அதற்கும் கீழே கிரிக்காய்டு, மோதிரம் போல முழு வளையம். இந்தப் பெட்டி முழுவதும் சேர்ந்ததுதான் லாரிங்ஸ், குரல்வளை, உள்ளே குரல் நாண்கள். லாரிஞ்சைடிஸ் வந்தால் தொண்டை கம்மிவிடும்.

விரலை இன்னும் இறக்கினால் வரி வரியாகத் தட்டுப்படும், அது மூச்சுக்குழல், டிரக்கியா. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், 16 முதல் 20 வளையங்கள். அவை முழு வளையங்கள் அல்ல, பின்பக்கம் திறந்த லாடம் மாதிரி. பின்னால் ஒட்டிக்கொண்டு உணவுக்குழல் இருக்கிறது, கவளம் இறங்கும்போது அது விரிய இடம் வேண்டுமே. டிரக்கியா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் சொரசொரப்பானது என்று அர்த்தம், இப்போது விரலுக்குத் தெரிந்த அதே சொரசொரப்பு.

நெஞ்செலும்பின் உச்சிக் குழியிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் கீழே தடவினால் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். லூயி கோணம் என்பார்கள், இரண்டாவது விலா அங்கேதான் வந்து சேரும். விலா எண்ண வேண்டுமானால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், மேலிருந்து எண்ணினால் முதல் விலா கைக்கே சிக்காது. கிட்டத்தட்ட அந்த மேட்டுக்கு நேர் பின்னால் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது, பிரியும் முனை கரைனா, லத்தீனில் படகின் அடிமுதுகு. அங்கே எதுவும் பட்டால் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். டியூப் போட்டிருக்கிற நோயாளிக்குச் சளி உறிஞ்சும்போது அவர் திடீரென்று தூக்கிப்போட்டு இருமுவது இதனால்தான், பயப்படாதீர்கள்.

வலது கிளை அகலம், குட்டை, கிட்டத்தட்ட நேர் கீழாக இறங்கும், இரண்டரை சென்டிமீட்டர்தான். இடது கிளை ஒல்லி, ஐந்து சென்டிமீட்டர், இதயத்துக்கு இடம் விட்டுச் சாய்ந்து போகும். எனவே குழந்தை நிலக்கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே இழுத்துவிட்டால் பெரும்பாலும் வலப்பக்கம்தான் போய் உட்காரும். எக்ஸ்ரேயில் கடலை பெரும்பாலும் தெரியாது, ஸ்டெதஸ்கோப்பில் மூச்சுச் சத்தம் ஒரு பக்கம் குறைவாகக் கேட்கலாம். வாயில் கடலையோடு விளையாடிக்கொண்டிருந்தான், திடீரென்று இருமினான் என்று அம்மா சொன்னால் அந்த ஒரு வரியை விட்டுவிடாமல் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு பிரிவு மேல் பிரிவு, சுமார் 23 முறை. பாலக்காட்டுக்காரர்கள் மரம் என்றதும் கரும்பனையை நினைப்பார்கள், அது உதவாது, பனைக்குக் கிளை ஏது. தலைகீழாகத் தொங்கும் ஒரு பெரிய புளியமரம். அடிமரம் டிரக்கியா, கிளை பிராங்கஸ், குச்சி பிராங்கியோல், குச்சி நுனியில் கொத்துக்கொத்தாக ஆல்வியோலை, காற்று நுண்ணறைகள். குருத்தெலும்பு கிளைவரைக்கும்தான், குச்சியில் தசை மட்டும். ஆஸ்துமாவில் அந்தத் தசைதான் இறுக்கிப் பிடிக்கிறது, முட்டுக்கொடுக்கக் குருத்தெலும்பு இல்லாததால் குழாய் நெரிந்து விசில் அடிக்கிறது. நெபுலைசரில் போடும் சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும். இது புரிந்தால் பிராங்கோடைலேட்டர் என்ற வார்த்தையை நான் விளக்கவே வேண்டியதில்லை.

நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட் இடம். வீட்டுமனை வாங்க அலைகிறவர்களுக்கு நெஞ்சுக்குள்ளேயே அவ்வளவு இருக்கிறது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிஷத்துக்குப் பதினைந்து, பெருக்கினால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல், பெரிய தண்ணீர் லாரி ஒரு லோடு. அந்த அரை லிட்டரில் சுமார் 150 மில்லி வழியிலேயே தங்கிவிடும், பரிமாற்றத்துக்கு வராது, டெட் ஸ்பேஸ். உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே வரும்போது 16. நுண்ணறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்று ஒரு வழுவழுப்பு சுரக்கிறது, குறைமாதக் குழந்தைக்கு அது போதாமல்தான் மூச்சுத் திணறுகிறது.

வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. சுற்றி இரட்டைச் சவ்வு, பிளூரா, நடுவில் சொட்டுத் திரவம், ஈரக் கண்ணாடிகள் இரண்டு ஒட்டிக்கொண்டு வழுக்குகிற மாதிரி. கீழே டயஃப்ரம், உதரவிதானம். அது துடித்தால் விக்கல்.

கறிக்கடைக்கு ஒரு நடை

படம் பார்த்துப் புரியவில்லையா, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய் "நுரையீரலைக் குழலோட வெட்டாமக் குடுங்க" என்று கேளுங்கள். எதற்கு என்று கேட்பார், படிக்க என்று சொன்னால் சிரித்துவிட்டுக் கொடுப்பார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழலை அழுத்துங்கள், முன்பக்கம் வளையம் எதிர்க்கும், பின்பக்கம் மெத்தென்று உள்ளே போகும், லாடம் என்று சொன்னேனே. சைக்கிள் பம்பை ரப்பர் குழாயோடு கட்டிக் காற்று அடியுங்கள், வாயால் ஊதவே ஊதாதீர்கள். சுருங்கிக் கறுத்துக் கிடந்தது ரோஸ் நிறத்தில் உப்பி எழும்பும். நான் முதல்முறை பார்த்தபோது பம்பை விட்டுவிட்டேன், அவ்வளவு பெரிதாகும் என்று எந்தப் படமும் சொல்லியிருக்கவில்லை. ஒரு துண்டு வெட்டிப் பிழியுங்கள், நுரை வரும். தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். பக்கத்தில் ஒரு துண்டு கல்லீரல் போடுங்கள், முங்கிவிடும். நுரையீரல் என்று பெயர் வைத்தவர் நிச்சயம் ஆடு அறுத்தவர்தான்.

ஒரு எச்சரிக்கை: ஆட்டுக்கு, கரைனாவுக்கு முன்பே வலப்பக்கம் ஒரு கிளை தனியாகப் பிரியும். மனிதருக்கு வழக்கமாக அது கிடையாது. பரீட்சையில் ஆட்டை எழுதிவிட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள்.

வார்த்தையை உடைப்பது

மருத்துவ வார்த்தைகள் நம் கூட்டுச்சொல் மாதிரிதான். மூச்சுக்குழலழற்சி என்று நாம் ஒட்டுகிற மாதிரி அவர்கள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஒட்டியிருக்கிறார்கள். பின்னாலிருந்து படியுங்கள், அது ஒன்றுதான் தந்திரம். வால் என்ன நடந்தது என்று சொல்லும், நடு எங்கே என்று சொல்லும், தலை எப்படி என்று சொல்லும்.

வால் 'ஐடிஸ்' என்றால் அழற்சி: பிராங்கைடிஸ், பிளூரைடிஸ். 'ஸ்கோப்பி' உள்ளே விட்டுப் பார்ப்பது: பிராங்காஸ்கோப்பி. 'எக்டமி' வெட்டி எடுப்பது: லோபெக்டமி, ஒரு மடலை எடுத்தாயிற்று. 'ஆட்டமி' வெட்டித் திறப்பது, 'ஆஸ்டமி' திறந்து வாய்போல ஒரு வழி வைப்பது. டிரக்கியாஸ்டமி போட்டவர் கழுத்தில் ஓட்டை இருப்பது அதனால்தான். 'சென்டசிஸ்' ஊசி குத்தி எடுப்பது: தொராகோசென்டசிஸ், நெஞ்சுக்கூட்டிலிருந்து நீர் எடுப்பது. ஊசி எப்போதும் விலாவின் மேல் விளிம்பை ஒட்டித்தான் போகும், கீழ் விளிம்பில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. 'எக்டேசிஸ்' விரிந்து போவது: பிராங்கியெக்டேசிஸ், காலையில் எழுந்ததும் கிண்ணம் கிண்ணமாகச் சளி துப்புகிறவர்.

'ப்னியா' என்றால் மூச்சு. இந்த ஒரு வாலை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றினால் அரைப் பாடம் முடிந்தது. டிஸ்ப்னியா, சிரமமான மூச்சு. டாக்கிப்னியா, வேகம். பிராடிப்னியா, மந்தம். ஆப்னியா, நின்றே போனது. ஆர்த்தாப்னியா, படுத்தால் முட்டும், நிமிர்ந்து உட்கார்ந்தால் சரியாகும். 'ஆர்த்தோ' என்றால் நேர். "ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் இதயக் கோளாறைத் தேடுகிறார். ஒரு புத்தகத்தில் ஓர் எழுத்து கூடவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தால் மிரளாதீர்கள், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலும் அமெரிக்க எழுத்துக்கூட்டலும். நிமோனியாவில் முதல் எழுத்து ஊமை, டிஸ்ப்னியாவில் அதே எழுத்து வாய் திறக்கும், அதற்கும் மிரளாதீர்கள்.

இப்போது வழுக்குகிற இடங்கள், என் வகுப்பில் எல்லோரும் விழுந்தவை. 'நியூமோ' சில நேரம் நுரையீரல், சில நேரம் காற்று: நியூமோனெக்டமியில் நுரையீரலை எடுக்கிறார்கள், நியூமோதொராக்ஸில் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்திருக்கிறது. காற்றுக்குப் பதில் ரத்தம் என்றால் ஹீமோதொராக்ஸ், சீழ் என்றால் எம்பையீமா, நீர் என்றால் பிளூரல் எஃப்யூஷன். ஹீமாப்டிசிஸ் இருமலில் ரத்தம், ஹீமாட்டமிசிஸ் வாந்தியில் ரத்தம், நோயாளி இரண்டுக்கும் "ரத்தமா வந்துச்சு" என்றுதான் சொல்வார், இருமியா வாந்தியா என்று கேட்டே ஆக வேண்டும். பிஎன்டி என்று எழுதியிருந்தால் ஒருவருக்கு அது நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, ஈஎன்டி டாக்டருக்கு மூக்குச்சளி தொண்டையில் வடிவது, யார் எழுதினார் என்று பார்த்துப் படியுங்கள். அப்புறம் 'எக்ஸ்பிரேட்டரி'. மூச்சை வெளியே விடும்போது என்பதுதான் பொருள். ஒரு முறை ஒருவரின் மகன் அப்பாவின் சீட்டில் 'எக்ஸ்பிரேட்டரி வீஸ்' என்று பார்த்துவிட்டு, எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று நினைத்து வராந்தாவிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அப்பா உள்ளே டீ கேட்டுக்கொண்டிருந்தார்.

'கோனிஸ்' என்றால் தூசி, நியூமோகோனியோசிஸ் தூசியால் வரும் நுரையீரல் நோய். நம் பக்கம் இது ஏட்டு வார்த்தை அல்ல. கல் குவாரியில் சிலிகோசிஸ். கோயமுத்தூர் பஞ்சாலையில் பிஸ்ஸினோசிஸ், அதன் அடையாளமே திங்கட்கிழமைதான்: ஞாயிறு லீவு முடிந்து ஷிஃப்டுக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கும், வாரம் போகப் போகக் குறையும். வேலை என்ன என்று கேட்காமல் நெஞ்சு நோயாளியின் சீட்டை முடிக்காதீர்கள். ரிட்டயர்டு என்று எழுதுவது பதிலே இல்லை, எதிலிருந்து ரிட்டயர்டு?

தட்டுவது, கேட்பது, எண்ணுவது

டாக்டர் ஒரு விரலை நெஞ்சில் வைத்து இன்னொரு விரலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 1761இல் அதை எழுதி வெளியிட்ட ஆவன்பிரக்கர் ஆஸ்திரியாவில் ஒரு விடுதிக்காரரின் மகன், பீப்பாயில் எதுவரை திராட்சை ரசம் இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர் என்பார்கள். சித்தூர்க்காரர்களுக்கு இது புரியாதா, கள்ளு கேனைத் தட்டினாலே எவ்வளவு மிச்சம் என்று சொல்கிற ஆட்கள் நாம். காற்று இருந்தால் முழங்கும், நிமோனியாவில் மந்தம், நீர் கோத்திருந்தால் கல்லைத் தட்டின மாதிரி, அதற்குப் பெயரே 'ஸ்டோனி டல்'. உங்கள் வீட்டு பிளாஸ்டிக் டிரம்மில் பாதித் தண்ணீர் விட்டு மேலிருந்து கீழே தட்டிப் பழகுங்கள்.

ஸ்டெதஸ்கோப்பை 1816இல் பாரிஸில் லென்னக் கண்டுபிடித்தபோது அது வெறும் சுருட்டிய காகிதம். ஒன்றை இரவல் வாங்கி முதலில் உங்கள் கழுத்தில் வைத்துக் கேளுங்கள், கரகரவென்று உரத்த காற்று. பிறகு நண்பனின் முதுகில், மெல்ல இலை அசைகிற மாதிரி, இதுதான் வெசிகுலர், நல்ல நுரையீரலின் சத்தம். கழுத்துச் சத்தம் முதுகில் கேட்டால் அங்கே நுரையீரல் கெட்டித்துப் போயிருக்கிறது. காதோரத்து முடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள், நொறுநொறுவென்று வருவது கிரெப்ஸ். மூச்சை விடும்போது விசில் என்றால் வீஸ், கீழ்வழியில் நெரிசல். மூச்சை இழுக்கும்போது கர்ரென்று கரடுமுரடாக வந்தால் ஸ்டிரைடர், மேல்வழியில் அடைப்பு, அப்போது எழுதிக்கொண்டிருக்காதீர்கள், ஓடிப் போய் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மூச்சை எண்ணுவது எளிது என்று எல்லோரும் ஏமாற்றுவார்கள், எல்லாச் சீட்டிலும் 18 என்று இருக்கும். முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20. குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகம் என்று கணக்கு. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 95க்கு மேல் காட்ட வேண்டும், நெயில் பாலிஷ் இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ அது உளறும். சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்கள் பலருக்கு டாக்டர் 88 முதல் 92 போதும் என்று எழுதியிருப்பார், பார்த்துப் பதறி ஆக்சிஜனைத் திருகி ஏற்றிவிடாதீர்கள்.

ஒரு சீட்டைப் படிப்போம்

நான் இட்டுக்கட்டிய சீட்டு இது, ஆனால் இதே மாதிரிதான் இருக்கும்.

"58 வயது ஆண், மில் வேலை. சி/ஓ இருமல், சளியுடன், 2 வாரம். எஸ்ஓபி கிரேடு 2. ஆர்த்தாப்னியா இல்லை, ஹீமாப்டிசிஸ் இல்லை. கே/சி/ஓ சிஓபிடி. ஆர்ஆர் 28, எஸ்பிஓ2 91 ஆர்ஏ. ஆர்எஸ்: பி/எல் ஏஇ, வலது அடியில் குறைவு, ஸ்டோனி டல், எக்ஸ்பிரேட்டரி வீஸ். சிஎக்ஸ்ஆர்: வலது பிளூரல் எஃப்யூஷன். திட்டம்: நெப், தொராகோசென்டசிஸ், சளி ஏஎஃப்பி."

சி/ஓ அவர் சொல்லும் குறை, கே/சி/ஓ ஏற்கெனவே தெரிந்த நோய். எஸ்ஓபி மூச்சுத்திணறல், கெட்ட வார்த்தை இல்லை. கிரேடு 2 என்றால் சமதரையில் தன் வயதுக்காரர்களோடு ஈடுகொடுத்து நடக்க முடியாது. ஆர்ஆர் மூச்சு எண்ணிக்கை, 28 என்பது டாக்கிப்னியா. எஸ்பிஓ2 ஆக்சிமீட்டர் காட்டும் எண், ஆர்ஏ ரூம் ஏர், அதாவது ஆக்சிஜன் வைக்காமல். ஆர்எஸ் மூச்சு மண்டலம். பி/எல் ஏஇ, இரண்டு பக்கமும் காற்று போகிறது. வலது அடியில் மட்டும் குறைவு, தட்டினால் கல், ஆக நீர். எக்ஸ்ரே அதையே சொல்கிறது. வீஸ் பழைய சிஓபிடியின் பங்கு. நீரை ஊசியால் எடுத்து என்ன நீர் என்று பார்ப்பார்கள், சளியில் காசநோய்க் கிருமி தேடுவார்கள்.

சரி, கடைசி வேலை. அவர் மனைவி வெளியே நிற்கிறார், "என்னங்க தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். அவரிடம் எஃப்யூஷன் என்று சொல்லாதீர்கள். "வலப்பக்கம் நுரையீரலுக்கும் கூட்டுக்கும் நடுவுல நீர் கோத்திருக்குங்க அக்கா, அதனாலதான் மூச்சு வாங்குது. ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாப்பாங்க. எதனால வந்துச்சுன்னு டாக்டர் அப்புறம் சொல்லுவார்." இதில் உங்கள் சொந்த யூகம் ஒரு சொல்கூட இல்லை, சீட்டில் இருப்பதுதான். இதையே அடுத்த கட்டிலில் இருக்கிற வாளையார்க்காரரின் மனைவிக்கு மலையாளத்தில் சொல்லிப் பாருங்கள். வலிவு என்ற வார்த்தையை எங்கே போட வேண்டும் என்று இப்போது தெரியும்தானே?